உறுமி நிற்கும் மோட்டர்

மட்டக்களப்பின் படுவான்கரையில் கிணற்று மோட்டர் சுற்றாமல் உறுமினால் பழி முதலில் மோட்டருக்கு, அடுத்தது மின்சார சபைக்கு. "இது காணாது, பெரிசாப் போடுங்க" என்ற யோசனையும் உடனே வரும். கெப்பாசிட்டர் செத்திருந்தாலும் உறுமும்தான். அது நல்லதாக இருந்தால், பெரிய மோட்டர் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சுழலி நிற்கும்போது சுற்றும் காந்தப்புலம் அதன் கம்பிகளைச் செக்கனுக்கு 50 தடவை வெட்டுகிறது. நிமிடத்துக்கு 2850 சுற்றை எட்டியபின் அது வெறும் 2.5 தடவை. அதனால்தான் தொடங்கும் கணத்தில் ஐந்து முதல் எட்டு மடங்கு கரண்ட் பாய்கிறது. 5.5 அம்பியர் என்று பெயர்த்தகட்டில் எழுதிய ஒரு குதிரைவலு மோட்டருக்கு ஆறு மடங்கு, 33 அம்பியர் என்று கொள்வோம். 230ஐ 33ஆல் வகுத்தால் மொத்த எதிர்ப்பு 7 ஓம். அதில் சுருளும் சுழலியும் தரும் தடை 4 ஓம் என்றால் மீதி 3 அல்ல. தடையும், சுருளின் காந்தப்புலத்தால் வரும் ரியாக்டன்ஸும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். பைதகரஸ் கணக்கில் ரியாக்டன்ஸ் ஏறத்தாழ 5.7 ஓம்.

இப்போது வயரைச் சேர்ப்போம். வீட்டிலிருந்து கிணறு 70 மீற்றர், வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு என்றால் போக வர 1.7 ஓம். வீதி லைனுக்கு இன்னொரு அரை ஓம். தொடக்கக் கரண்ட் 27 அம்பியராகக் குறையும். மோட்டருக்குக் கிடைப்பது 191 வோல்ட். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் அது 69 வீதமாகிவிடும். துருப்பிடித்த பம்பை அசைக்க அது போதாமல் போகலாம். ஓடத் தொடங்கிவிட்டாலோ இழப்பு பத்து வோல்ட்டளவுதான், மீற்றரில் குற்றமே தெரியாது.

அதே வயரில் இரண்டு குதிரைவலு மோட்டரைப் போட்டால் தொடக்கத்தில் அதற்குக் கிடைப்பது 158 வோல்ட். முறுக்குவிசை தன் அளவில் பாதிக்கும் குறைவு. இரண்டு மடங்கு மோட்டருக்குக் காசு கொடுத்தும் முறுக்குவிசை இரண்டு மடங்காகாது. வயரை 4 சதுர மில்லிமீற்றராக மாற்றினால் 1.7 ஓம் 0.65 ஆகிறது. வாவிக்காற்றின் உப்பில் களிம்பு பூத்த இணைப்புகள் எந்த அட்டவணையிலும் இல்லை. அவற்றைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

உறுமும் கணத்தில் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு இரண்டு இடத்தில் அளந்தால் போதும். இரண்டொரு செக்கனுக்குள் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் சுருள் கருகும். மெயின் சுவிட்ச்சில் 220, கிணற்றடியில் 191 என்றால் மின்சார சபைக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.