இ-சிகரெட்டுக்குள் எதுக்கு ஒரு சர்க்யூட்?

ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச், ஒரு ஹீட்டிங் காயில். காயிலை ஒட்டி பஞ்சு, பஞ்சில் திரவம். ஆவி வர இவ்வளவு போதும். அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் புகையில்லா சிகரெட்டுக்கு பேட்டண்ட் வாங்கினது 1965-ல். அப்போ மைக்ரோகண்ட்ரோலரே கிடையாது. அப்புறம் ஏன் இப்போ வர்ற இ-சிகரெட்டில் எல்லாம் ஒரு குட்டி பிசிபி உட்கார்ந்திருக்கு?

முதல்லயே சொல்லிடறேன், இது வாங்குறவங்களுக்கான கைடு இல்லை. இந்தியாவில் 2019 முதல் இதைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். ஆனா பேனா சைஸ் இடத்துக்குள் இத்தனை பிரச்சனையை அடக்கின கேஸ் ஸ்டடி, எம்பெடட் படிக்கிற நமக்கு லேசில் கிடைக்காது.

முதல் பிரச்சனை பேட்டரியின் வோல்டேஜ். லித்தியம் அயான் செல் ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட், தீரும்போது 3.3-க்கு இறங்கிடும். காயில் 1 ஓம்னு வைங்க. வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தா பவர். ஆரம்பத்தில் 17.6 வாட், கடைசியில் 10.9 வாட். கிட்டத்தட்ட 40 சதவீதம் காலி. காலையில் வர்ற ஆவி சாயங்காலம் வராது. அதனால ஒரு மாஸ்ஃபெட்டை வெச்சு காயிலை நொடிக்குப் பல தடவை ஆன்-ஆஃப் பண்றாங்க. செல் இறங்க இறங்க ஆன் நேரம் கூடும். நம்ம பழைய நண்பன் பி.டபிள்யூ.எம். தான். நம்ம பாடத்தில் இதுக்குப் பேர் ரெகுலேஷன். இழுக்கிறவர் மூளைக்கோ, ஒவ்வொரு இழுப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு நிகோடின்.

ரெண்டாவது, சூடு. தண்ணியில்லாத வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டு ஆன் பண்ணா என்ன ஆகும்னு ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை. திரவம் இருக்கிற வரை அது கொதிச்சு சூட்டை எடுத்துட்டுப் போயிடும். அதில் இருக்கிற புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். பஞ்சு காய்ந்துட்டா காயிலின் வெப்பம் எகிறும், மிச்சமிருக்கிற திரவம் சிதைஞ்சு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் எல்லாம் வரும். ரெண்டுமே விஷம்.

சரி, வெப்பத்தை எப்படி அளக்கறது? அவ்வளவு சின்ன இடத்தில் தனி சென்சார் வைக்கிறது கஷ்டம். லேபில் பி.டி. 100 தொட்டவங்க விடையை ஊகிச்சிருப்பீங்க. காயிலேயே சென்சார்! நிக்கல் கம்பியின் வெப்பம் 200 டிகிரி ஏறினா, ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்குக்கு மேல ஆகும். கரண்ட்டையும் வோல்டேஜையும் அளந்தா போதும், சிப் வெப்பத்தைக் கணக்குப் போட்டு பவரைக் குறைச்சிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஆனா காந்தால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் பெரிசா மாறாது. அது போட்ட காயிலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரு டைமர்தான் காவல், ஏழெட்டு விநாடிக்கு மேல இழுத்தா கட்.

மூணாவதுதான் உயிர் விஷயம். 'மெக்கானிக்கல் மாட்'னு ஒரு வகை உண்டு. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் வெறும் ஸ்விட்ச், சர்க்யூட் எதுவும் இல்லை. அதில் 0.1 ஓம் காயில் போட்டா ஓம் விதிப்படி 42 ஆம்பியர். வழக்கமான 18650 செல்கள் பலவும் தொடர்ந்து தாங்குறது 10-லிருந்து 30 ஆம்பியர்தான். செல் சூடாகி உள்ளே ரசாயன வினை கட்டுப்பாடு இழந்தா, உலோகக் குழாய்க்குள் அடைபட்ட வாயு வெடிக்கும். அதுவும் வாய்க்குப் பக்கத்தில். 2018-ல் ஃப்ளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் இ-சிகரெட் வெடிச்சு ஆளுக்கு உயிரே போயிருக்கு. சர்க்யூட் இருந்தா, கரண்ட் போறதுக்கு முன்னாடியே காயிலை அளந்து, ஷார்ட்டா இருந்தா மறுத்துடும். செல் ரொம்ப இறங்கினாலும் நிறுத்திடும், சார்ஜ் 4.2 வோல்ட்டைத் தாண்டவும் விடாது. கவனிங்க, இந்தப் பாதுகாப்பு முக்கியமா செல்லுக்கு. நுரையீரலுக்கு என்ன போகுதுன்னு இந்த சிப்புக்குத் தெரியவே தெரியாது.

பட்டனே இல்லாத மாடல்கள் எப்படி ஆன் ஆகுது? உள்ளே மைக் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு. நீங்க இழுத்ததும் அழுத்தம் குறையும், சவ்வு வளையும், கெப்பாசிட்டன்ஸ் மாறும், மாஸ்ஃபெட் ஆன்.

இதெல்லாம் சேர்ந்தும் செலவு ரொம்பக் கம்மி. அதனாலதான் யூஸ் அண்ட் த்ரோ மாடல்களில்கூட 32-பிட் ஆர்ம் சிப் வந்துடுச்சு. குப்பைக்குப் போன ஒன்றிலிருந்து எடுத்த, 24 கிலோபைட் ஃப்ளாஷ் மட்டுமே உள்ள சிப்பில் 2025-ல் ஒருத்தர் வெப் சர்வரே ஓட்டிக் காட்டினார். கூடவே தூக்கிப் போடற லித்தியம் செல்லும் பல மாடல்களில் திரும்ப சார்ஜ் ஏத்தக்கூடியதுதான். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் யூஸ் அண்ட் த்ரோ வகையைத் தடை பண்ணிச்சு. கம்பெனிகள் அதே மாதிரி டிசைனில் ஒரு சார்ஜிங் போர்ட்டையும் மாத்தக்கூடிய திரவக் குப்பியையும் சேர்த்து விற்பனையைத் தொடர்ந்துட்டாங்க.