வெட்கப்பட வேண்டியவர் யார்?

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றதும் இயந்திரங்களும் தந்திரக் காட்சிகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கும் கமெரா யாரைக் காட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதில்தான் கதையின் நியாயம் தங்கியிருக்கிறது.

2010இல் ஷங்கரின் இயக்கத்தில் வெளியான 'எந்திரன்' படத்தில் ஒரு தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணைச் சிட்டி என்ற ரோபோ அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் முன் விடுகிறது. ரோபோவுக்கு அவள் காப்பாற்ற வேண்டிய உயிர். சூழ்ந்த கமெராக்களுக்கோ வெறும் உடல். வெட்கித்து ஓடும் அவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். பின்னர் கதை, சிட்டிக்கு மனித உணர்வைக் கற்பிக்கும் வழியில் போகிறது. பார்த்துநின்ற கூட்டத்துக்கு யார் கற்பிப்பது?

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பும் பாரதக் கதையும் எமக்குப் புதியவையல்ல. துகிலுரியப்பட்டபோது தலைகுனிய வேண்டியிருந்தது சபைதான், திரௌபதை அல்ல.

இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியும் ஒரு கமெரா. அனுமதியின்றி எடுத்த படம் பரவினால், எடுத்தவரையும் பகிர்ந்தவரையும் விட்டுவிட்டுப் பெண்ணையே குற்றம் சொல்கிறோம். பிள்ளைகளோடு படம் பார்க்கையில் கேட்டுப் பழக்குவோம்: இக்காட்சி யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது? யாருடைய முகம் மறைக்கப்படுகிறது?