ஆச்சியின் வேட்டித் துணியா, மருமகனின் டயப்பரா?

பேறுகாலம் முடிந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததும் முதல் வாக்குவாதம் இதில்தான். "நாங்கள்லாம் டயப்பரா போட்டோம்?" என்று ஆச்சி பழைய வேட்டியைக் கிழிப்பார். மருமகன் டயப்பர் பொட்டலத்தோடு வந்து நிற்பார். யார் பேச்சைக் கேட்பது?

பகலில், வீட்டில் இருக்கும்போது ஆச்சி பேச்சைக் கேளுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, பிள்ளைத் தோலுக்கு இதம். முக்கோணமாக மடித்து, நுனியை அரைஞாண்கொடியில் செருகினால் முடிந்தது. கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். பிறந்த புதிதில் நாளுக்குப் பத்துத் துணியாவது நனையும். இருபத்தைந்து, முப்பது துண்டு இருந்தால்தான் சமாளிக்கலாம்.

அந்த வேட்டி அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்ததா? அப்படியானால் வேண்டாம். உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவது) உள்ள குழந்தையின் ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். குறைபாடு இருப்பது பார்த்தால் தெரியாது.

டயப்பர் போட்டால் புண் வருமே? மாற்றாமல் விட்டால் வரும். ஈரத் துணியோடு விட்டாலும் வரும். டயப்பருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடுவதால் மேலே காய்ந்தாற்போல் இருக்கும், நாமும் மறந்துவிடுவோம். துணி நனைந்தால் பிள்ளையே அழுது சொல்லிவிடும்.

துவைப்பது எப்படி? மலத்தைக் கழிப்பறையில் தட்டி, வாளியில் அலசி, அந்தத் தண்ணீரையும் கழிப்பறையிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலிலோ தாமிரபரணியிலோ அலசாதீர்கள். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த ஆற்றைத்தான். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போகும்வரை அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். வாசனைத் திரவத்தில் முக்கினால் துணி ஈரத்தை இழுக்காது.

இவ்வளவு தண்ணீர் செலவழித்து மண்ணுக்கு என்ன லாபம்? பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் கணக்குப் போட்டது. இரண்டரை ஆண்டுக்கு டயப்பரின் கரியமிலச் சுமை 550 கிலோ, துணியுடையது 570 கிலோ! வெந்நீரும் உலர்த்தும் எந்திரமும் செய்த வேலை அது. துணிகளைச் சேர்த்து மொத்தமாகத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் எடுத்துவைத்தால் ஏறக்குறைய 200 கிலோ குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் ஊரில் காலங்காலமாகச் செய்வது அதுதானே.

டயப்பரோ எளிதில் மக்காது. தாளில் நன்றாகச் சுற்றி, குப்பை எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள். ஓடையில் வீசினால் ஊதி அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்? ஆடிக் காற்றில் அரை மணியில் காய்ந்த துணி, அப்போது இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும். அரை ஈரத்தில் கட்டுவதைவிட டயப்பரே மேல். 2023 டிசம்பரில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வந்த வெள்ளத்தில் தெருவெல்லாம் தண்ணீர், பல வீடுகளில் குழாயில் மட்டும் இல்லை. அந்த நாளில் துணியைப் பற்றிப் பேச முடியுமா? ராத்தூக்கத்துக்கும் பஸ் பயணத்துக்கும்கூட டயப்பர் சரிதான்.

இன்னொன்று, துவைப்பது யார்? பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவள் குனிந்து துவைக்க வேண்டுமென்றால் துணி சிக்கனம் என்ற பேச்சே வேண்டாம். பொட்டலத்தோடு வந்த மருமகன் வாளியைத் தூக்குவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.