தொட்டால் காய்ந்தது, உள்ளே ஈரம்!

மாணவர்களே, ஜொகூர் பாரு கடைவீதிகளில் நடக்கும்போது வேன்களிலும் கண்ணாடிக் கதவுகளிலும் ஒட்டியுள்ள வினைல் விளம்பரங்களை உற்றுப் பாருங்கள். சிலவற்றின் ஓரங்கள் சுருண்டிருக்கும். சிலவற்றில் மேலுறைக்கு அடியில் குமிழிகள் தெரியும். மட்டமான பசை என்று நினைப்போம். பல வேளைகளில் உண்மைக் காரணம், படம் முழுமையாகக் காய்வதற்குள் ஒட்டியதுதான்.

இயந்திரத்திலிருந்து வெளிவரும்போதே மை கையில் ஒட்டுவதில்லையே, பிறகு ஏது ஈரம்?

இந்த மையில் நிறமி, பிசின், கரைப்பான் ஆகிய மூன்றும் உள்ளன. கரைப்பான் வினைலின் மேற்பரப்பைச் சற்று இளக்கி, நிறத்தைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. இயந்திரத்தின் சூடு மேற்பரப்பை உலர்த்திவிடும். ஆனால் ஒரு பகுதி கரைப்பான் வினைலுக்குள் ஊறிவிடுகிறது. அது வெளியேற இரண்டு படிகள் உண்டு. முதலில், உள்ளிருக்கும் மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வர வேண்டும். இது பரவல், மிக மெதுவானது. பிறகு அவை காற்றில் கலக்க வேண்டும். இது ஆவியாதல்.

வெளியேறாத கரைப்பான் வினைலை மென்மையாகவே வைத்திருக்கும், பசையையும் இளக்கும். அதனால் ஓரம் சுருள்கிறது. மேலுறை ஒட்டிவிட்டால் ஆவிக்கு வழியில்லை; குமிழி தோன்றுகிறது.

விரைவாக உலர்த்த என்ன செய்யலாம்? படத்தை இறுக்கமாகச் சுருட்டி வைக்காமல் விரித்துத் தொங்கவிட வேண்டும். மேற்பரப்பை ஒட்டியுள்ள காற்றில் ஆவி நிறைந்துவிட்டால் ஆவியாதல் குறையும். மின்விசிறி அந்தக் காற்றை அகற்றும். மிதமான வெப்பமும் உதவும். அதிகமானால் வினைல் நெளிந்துவிடும். விசிறியால் உள்ளே நடக்கும் பரவலை விரைவுபடுத்த முடியாது. அதனால்தான் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்கிறார்கள். மை அடர்த்தியாக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் தேவை.

நம் ஊர் ஈரப்பதம் இதைத் தடுக்குமா? மழைநாளில் துணி காயாததற்குக் காரணம், காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பது. கரைப்பானுக்குத் தடை நீராவியன்று. காற்றில் தேங்கும் கரைப்பான் ஆவிதான். எனவே மழையைவிட மூடிய அறையே பெரிய தடை.

அந்த ஆவி எங்கே போகிறது? அங்கு வேலை செய்பவரின் மூச்சுக்குள்! சில மைகளில் உள்ள சைக்லோஹெக்சனோனின் மூலக்கூற்று நிறை 98. காற்றின் சராசரி 29தான். இந்தக் கனமான ஆவி தரையருகே தேங்கக்கூடும். எளிதில் தீப்பற்றவும் கூடும். ஆகவே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி தாழ்வாக இருப்பது நல்லது. அறையின் காற்றையே சுழற்றும் குளிர்சாதனம் போதாது. சிறிது நேரத்தில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும் என்பதால், வாடை தெரியவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நம்பவும் முடியாது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. அச்சகத்தின் அளவு அதைவிட மிகச் சிறியது. ஆனால் கொதிக்காமலேயே ஆவியாகிக் காற்றில் பரவும் பண்பு ஒன்றே.

செய்து பாருங்கள்: ஒரே அளவான மூன்று கைக்குட்டைகளைச் சம அளவு நீரில் நனையுங்கள். ஒன்றைச் சுருட்டி வையுங்கள். ஒன்றை விரித்து வையுங்கள். மற்றதை விரித்து விசிறியின் முன் தொங்கவிடுங்கள். 15 நிமிடத்திற்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து வரைபடம் வரையுங்கள்.

அடுத்த முறை பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டிக்கர் வேண்டுமானால், “இன்றே வேண்டும்” என்று அவசரப்படுத்தாதீர்கள். மூன்று நாள்களுக்கு முன்பே கொடுங்கள். படமும் நிலைக்கும், அச்சிடுபவரும் நல்ல காற்றைச் சுவாசிப்பார்.