நகையும் துணையும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். துன்பம் வந்துற்றபோது நகைக்க வேண்டும் என்று 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் வலியுறுத்தினார். இவற்றை நாம் வகுப்பறையில் நயம்படக் கற்கின்றோம். ஆயின், நம் இல்லத்துப் பெண்மணி ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறும் நாளில் நகைக்கு இடமுண்டா? சுற்றமும் நட்பும் அப்போது ஆற்ற வேண்டிய கடமை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. தொடக்க நிலையில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. எனினும், பெரும்பாலும் வலியற்ற கட்டியாகத் தோன்றுவதால் பலர் இதனைப் புறக்கணிக்கின்றனர். நாணத்தால் கணவரிடமும் கூறாது மறைப்போர் உளர். மகளின் திருமணத்திற்குத் தடையாகுமோ என்று அஞ்சி வாய் திறவாதிருப்போரும் உளர். இது தொற்றும் நோயன்று. மரபுவழியாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. ஆகவே மறைப்பதற்கு இதில் ஏதுமில்லை. மறைத்தால் இழப்பது காலத்தையே.

சிகிச்சை நெடியது. அறுவை, மருந்தேற்றல், கதிர்வீச்சு என நோயின் நிலைக்கேற்ப அது அமையும். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்தேற்றுதல் பல மாதங்கள் தொடரலாம். சிலர் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை மாத்திரை உட்கொள்ள வேண்டியிருக்கும். மருந்தேற்றியபின் குமட்டலும் சோர்வும் வரும். பலருக்குத் தலைமுடி உதிரும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வளரும் என்பது ஆறுதல்.

இந்த நெடுவழியில்தான் நகை துணைக்கு வருகின்றது. "இம்மாதம் எண்ணெய்ச் செலவு மிச்சம், முக்காட்டுக்குள் முடி இருக்கிறதா இல்லையா என்று யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஒரு பெண்மணி தாமே கூறிச் சிரிப்பாராயின், அச்சத்தைத் தம் கைக்குள் அடக்கிவிட்டார் என்பது பொருள். உடனிருப்போரின் இறுக்கமும் அதனால் தளரும். ஆனால், நகை பிறக்கும் களங்களுள் எள்ளலும் ஒன்று எனத் தொல்காப்பியர் கூறுவதை நாம் மறத்தலாகாது. நோயுற்றவர் தம்மைக் குறித்துத் தாமே நகைப்பது வீரம். பிறர் அவரைக் குறித்து நகைப்பது கொடுமை. அவர் தொடங்கினால் நாமும் சேர்ந்து சிரிப்போம். அவர் அழ விரும்பும் நாளில் "சிரி, சிரி" என்று வற்புறுத்துவதும் ஒருவகைத் துன்புறுத்தலே.

நகை நோயைத் தீர்க்குமோ எனின், தீர்க்காது. ஒருங்கு கூடி மனம்விட்டுப் பேசும் பெண்கள் நெடுநாள் வாழ்கின்றனர் என்று 1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. 2001இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அத்தகைய கூட்டுறவால் மனத்துயரும் வலியுணர்வும் குறைவதைக் கண்டது. மருந்து நோயைத் தாக்குகின்றது. நகையும் துணையும் அம்மருந்தை இடையில் கைவிடாது தாங்கும் வலிமையைத் தருகின்றன.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் உடனிருந்து பணிபுரிவாரையும் வள்ளுவர் ஒன்றாக வைத்தார். அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, 1952இல் தாம் அறுவை செய்துகொண்டபின், அதே சிகிச்சை பெற்ற பெண்களை நேரில் கண்டு ஊக்கமூட்டலானார். அவர் தொடங்கிய பணியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. நாம் செய்யத்தக்கனவும் எளியனவே. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதைவிட, "செவ்வாயன்று மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன், பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு" என்பது உதவி. மருந்தேற்றும் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் குறையுமாதலால், சளி, காய்ச்சல் உடையோர் நேரில் செல்லாதிருத்தல் நன்று. நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இந்நோயால் இறந்தவர் கதைகளை அவரிடம் கூறாதிருப்பதும் ஓர் உதவியே.

நோயுற்றாரைக் கண்டு நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றவருக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தார்கள். சகோதரரின் முகம் நோக்கிப் புன்னகைப்பதையும் தர்மம் என்றார்கள். ஆகவே, மருத்துவரை நாடுவது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று. நோயாளியின் அருகமர்ந்து முறுவலிப்பதும் வழிபாட்டின் பாற்பட்டதே.

மாணவியர் இச்செய்தியைத் தம் அன்னையரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஆடவரும் ஜமாஅத்துப் பெரியோரும் இந்நோயின் பெயரைக் கூசாது உச்சரிக்க வேண்டும். கட்டி எனத் தெரிந்த அன்றே வீட்டில் சொல்லலாம் என்னும் துணிவு நம் பெண்களுக்குப் பிறக்குமாயின், பாதி வெற்றி கிட்டிவிட்டது எனலாம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் நிறைநலம் அருள்வானாக!