உங்களுக்குத் தெரியுமா? ஒளியை உணர்ந்தும் பார்க்க முடியாத ஈ!

கண்ணில் மில்டன் என்ற ஒரே ஒரு புரதம் இல்லாவிட்டாலும், பழ ஈயின் கண் ஒளியை உணரும். ஆனால் ஈக்குப் பார்வை இருக்காது! 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். மில்டன் இல்லாதபோது, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் நரம்புச் செல்லின் உடலிலேயே தங்கிவிடுகின்றன. ஆக்ஸான் என்னும் நீண்ட நரம்பிழையின் முனைக்கு அவை போவதே இல்லை. அதனால் கண் கண்டது மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

• இழுக்கும் புரதங்கள் இரண்டு: மைட்டோகாண்டிரியாவை ஆக்ஸானின் முனை நோக்கி இழுப்பது கைனெசின், திரும்பக் கொண்டுவருவது டைனீன். கைனெசின் எடுத்து வைக்கும் ஓர் அடி வெறும் 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று செலவு. நம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் ஆக்ஸானோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்!

• கொக்கியும் பிரேக்கும்: மைட்டோகாண்டிரியாவின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் மைரோ. அதைக் கைனெசினோடு இணைப்பது மில்டன். நரம்பு சுறுசுறுப்பாக இயங்கும் இடத்தில் கால்சியம் கூடும். மைரோ அதை உணர்ந்ததும் ஓட்டம் நிற்கும். ஆற்றல் தேவைப்படும் இடத்திலேயே மைட்டோகாண்டிரியா தங்கும்.

• நங்கூரம்: ஆக்ஸானில் நின்றுவிட்ட மைட்டோகாண்டிரியாக்களை நகராமல் பிடித்து வைப்பது சின்டாஃபிலின். இந்தப் புரதம் இல்லாத எலிகளின் ஆக்ஸான்களில் பெரும்பாலான மைட்டோகாண்டிரியாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

• பழுதானால் தடை: பிங்க்1, பார்க்கின் என்ற இரு புரதங்கள் சேர்ந்து பழுதான மைட்டோகாண்டிரியாவிலிருந்து மைரோவை அகற்றிவிடும்; அதனால் அது நகராது. இவற்றின் மரபணுக்களில் கோளாறு ஏற்பட்டால் இளவயதிலேயே பார்கின்சன் நோய் வரலாம்.