எந்தப் பள்ளி என்று கேட்கிறோம். எந்தப் பிரிவு என்று கேட்கிறோமா?

குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியை அறியாத தாம்பரவாசி எவரும் இரார். இராமேசுவரத்து அப்துல் கலாம் 1950-களில் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். சேர்க்கைக்குத் தேவைப்பட்ட சுமார் ஆயிரம் ரூபாய்க்காகச் சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை வாசக நேயர்கள் படித்திருப்பீர்கள். அவர் தம் சுயசரிதையில் கூறும் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்த பின்னரே, தாம் பொறியியலுக்கல்லவா சென்றிருக்க வேண்டும் என்று உணர்ந்தாராம். நல்லவேளையாக, அந்நாளில் எம்.ஐ.டி. அறிவியல் பட்டதாரிகளையே சேர்த்துக்கொண்டது.

இன்று நம் பிள்ளைகளுக்கு அத்தகைய இரண்டாம் வாசல் எளிதில் வாய்ப்பதில்லை. பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே பாதை பிரிந்துவிடுகிறது.

பல்லாவரத்தில் நாமறிந்த ஒரு குடும்பம். மகளுக்குச் செவிலியர் பட்டப்படிப்பில் ஆசை. அருகிலிருந்த பள்ளியில் வணிகவியல் பிரிவில் இடமிருந்தது. "பெண்பிள்ளை பஸ் ஏறிப் போவானேன்?" என்று தந்தை அதிலேயே சேர்த்துவிட்டார். பிளஸ் டூவில் அப்பெண் மிக நல்ல மதிப்பெண் பெற்றாள். ஆனால் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டுமே! தோற்றிருந்தாலாவது மறுதேர்வு எழுதியிருக்கலாம். படிக்காத பாடத்திற்கு என்ன செய்வது?

பெற்றோர்களே, உங்கள் காலத்து நினைவை நம்பிவிடாதீர்கள். 1984-இல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்டது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றவருக்கு 172. தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். எனினும் அம்மதிப்பெண்கள் இக்கணக்கில் சேரா. கணிதமில்லாத அறிவியல் பிரிவில் சேர்ந்தவருக்கு இக்கதவு திறக்காது. மருத்துவத்திற்கோ 2017 முதல் நீட் தேர்வு. சட்டத்திற்கும் சி.ஏ. படிப்புக்கும் எப்பிரிவினரும் செல்லலாம். வணிகவியலைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பிள்ளை விரும்பி எடுத்ததா என்பதே நம் கேள்வி.

2007 முதல் மாநில அரசு இடங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழை முன்னரே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நெருங்கிய பின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

விரும்பிய பிரிவு கிடைக்கவில்லையெனில், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்துப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. தரமணியில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. வேளச்சேரி வழியாகப் பஸ்ஸில் போகும் தூரம்தான்.